டெலஸ்கோப்பைக் கம்ப்யூட்டருடன் இணைக்கலாம்

தேனியில் இருந்து வடக்கே தெரியும் மலைத்தொடரின் மேல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உள்ளது. 1899ல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டறிந்தது இங்குதான். அந்த நாட்களில் கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்தார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் டெலஸ்கோப்பை, பெங்களூரு அருகே உள்ள ஹோஸ்கோட்டேயில் இருந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பு மூலம் இயக்குகிறார்கள். அதே ஹான்லேயில் 2018ல் செயல்படத் தொடங்கிய 0.7 மீட்டர் குரோத்-இந்தியா டெலஸ்கோப், ஆள் துணையின்றித் தானாகவே வானத்தைப் படம் பிடிக்கிறது.

இதையே சிறிய அளவில் உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் செய்யலாம். இதற்கான சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

ஏன் இணைக்க வேண்டும்?

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் வானில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 650 மிமீ குவியத்தூரம் கொண்ட டெலஸ்கோப்பில், 3.72 மைக்ரான் பிக்ஸெல் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவைப் பொருத்தினால், ஒரே வினாடியில் நட்சத்திரம் சுமார் 13 பிக்ஸெல் நகர்ந்துவிடும். எனவே டெலஸ்கோப்பைத் தாங்கி, மோட்டாரால் திருப்பும் மவுண்ட் தேவை. ஆனால் மவுண்ட்டுக்குக் கண் கிடையாது. தான் எங்கே பார்க்கிறோம் என்பதை அது ஒரு கணக்காக மட்டுமே வைத்திருக்கும். அந்தக் கணக்கு தவறினால் அதற்குத் தெரியாது. கேமரா எடுக்கும் படத்தைப் பார்த்து மவுண்ட்டைத் திருத்துவதுதான் கம்ப்யூட்டரின் வேலை.

தேவையான சாப்ட்வேர்கள்

1. ஆஸ்காம் பிளாட்பார்ம்: பிரிண்டருக்கு டிரைவர் இருப்பது போல, டெலஸ்கோப் சாதனங்களுக்கும் டிரைவர் உண்டு. எந்த நிறுவனத்தின் மவுண்ட் ஆனாலும் விண்டோஸ் புரோகிராம்கள் ஒரே முறையில் அதனுடன் பேச இது வழி செய்கிறது.

2. உங்கள் மவுண்ட்டுக்கான ஆஸ்காம் டிரைவர்: தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும்.

3. நினா: படம் எடுக்கும் புரோகிராம். 64 பிட் விண்டோஸ் தேவை.

4. அஸ்டாப்: படத்தில் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் காணும் புரோகிராம். இதற்கான நட்சத்திரப் பட்டியலையும் சேர்த்து இன்ஸ்டால் செய்திட வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர் ஆஸ்காமுக்குப் பதிலாக இண்டி, நினாவுக்குப் பதிலாக கேஸ்டார்ஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

கேபிளில் கவனம்

இங்குதான் பலர் பணத்தை இழக்கின்றனர். பல மவுண்ட்களில் கேபிள் செருகும் இடம், நெட்வொர்க் கேபிள் போர்ட் போலவே இருக்கும். அதனைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட்டுடன் ஒருபோதும் இணைக்கக் கூடாது. சாதாரண சீரியல் கேபிளை மவுண்ட்டில் நேரடியாகச் செருகினாலும், கூடுதல் வோல்டேஜ் பாய்ந்து உள்ளே இருக்கும் போர்டு எரிந்துவிடலாம். உங்கள் மாடலுக்கென்றே தயாரித்த யு.எஸ்.பி. கேபிளையே வாங்குங்கள்.

இணைக்கும் வழிகள்

1. டெலஸ்கோப் வடதுருவத்தை நோக்கியும், எடைக்கட்டி கீழ் நோக்கியும் இருக்கும்படி மவுண்ட்டை நிறுத்தி, அதன் பின் மின்சாரம் கொடுக்கவும்.

2. கேபிளை இணைத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, "டிவைஸ் மேனேஜர்" திறக்கவும். "போர்ட்ஸ்" பிரிவில் காம்3, காம்4 என ஓர் எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் தெரியவில்லை எனில் கேபிளுக்கான டிரைவரை முதலில் இன்ஸ்டால் செய்திட வேண்டும்.

3. நினாவைத் திறந்து "எக்யுப்மென்ட்" பிரிவில் மவுண்ட்டைத் தேர்ந்தெடுக்கவும். பல் சக்கர ஐகானில் கிளிக் செய்தால் செட்டிங்ஸ் விண்டோ கிடைக்கும். அதில் குறித்து வைத்த காம் எண்ணைத் தரவும். வேகம் என்ன என்பது மவுண்ட்டின் கையேட்டில் இருக்கும்.

4. உங்கள் ஊரின் இருப்பிடத்தைத் தரவும். தேனிக்கு வட அட்சம் சுமார் 10.01, கிழக்குத் தீர்க்கம் 77.48. கம்பத்திற்கு 9.74, 77.28.

5. "கனெக்ட்" பட்டனை அழுத்தவும். பின் இதே போல கேமராவையும் இணைக்கவும்.

6. "ஆப்ஷன்ஸ்" பகுதியில் குவியத்தூரம், பிக்ஸெல் அளவு ஆகியவற்றைச் சரியாகத் தரவும். இவை தவறானால் அஸ்டாப் நட்சத்திரங்களை அடையாளம் காணத் தடுமாறும்.

இனி "பிரேமிங்" பகுதியில் எம்42 என டைப் செய்து, ஓரியன் நெபுலாவைத் தேடவும். டெலஸ்கோப்பைத் திருப்பி நடுவில் நிறுத்தும் கட்டளையைக் கொடுங்கள். மவுண்ட் திரும்பியதும் கேமரா சில வினாடிகள் படம் எடுக்கும். அஸ்டாப் அதைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, டெலஸ்கோப் உண்மையில் எங்கே பார்க்கிறது என்று சொல்லும். வித்தியாசம் இருந்தால் மவுண்ட் மீண்டும் திரும்பும். பொருள் நடுவில் வரும் வரை இது தொடரும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல்

மவுண்ட்டின் அச்சு வடதுருவத்தை நோக்கி இருக்க வேண்டும். இதற்கு உதவும் துருவ நட்சத்திரம், நம் ஊர்களில் அடிவானத்திற்கு மேல் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பெரியகுளம் போன்ற மலையடிவார ஊர்களில் மலையே அதனை மறைத்துவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கில் மூடுபனி இருந்தாலும் தெரியாது.

இதற்கும் தீர்வு உண்டு. நினாவில் "த்ரீ பாயின்ட் போலார் அலைன்மென்ட்" என்ற பிளக்-இன் சேர்த்துக்கொள்ளலாம். வானத்தின் வேறு பகுதியில் மூன்று படங்களை எடுத்து, அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு விலகி உள்ளது என அது காட்டும். திரையைப் பார்த்தபடியே மவுண்ட்டின் திருகுகளைத் திருப்பிச் சரி செய்துவிடலாம்.

மவுண்ட் வாங்கும்போதே, அது 10 டிகிரி அட்சத்திற்கு இறங்குமா என்று கேளுங்கள். சில மாடல்கள் அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எடைக்கட்டியின் தண்டு முக்காலியின் காலில் இடிக்கலாம். எனவே முதல் சில நாட்கள் பகல் வெளிச்சத்தில், லென்ஸ் மூடியைக் கழற்றாமல், மவுண்ட்டை எல்லாத் திசைகளிலும் திருப்பிப் பாருங்கள். தகுந்த பில்டர் இன்றிச் சூரியனை நோக்கித் திறந்தால் கண்ணும் கேமராவும் பாழாகும்.

டெலஸ்கோப் தவறான இடத்திற்குச் சென்றால்

முதலில் தேதியைப் பாருங்கள். பல கை ரிமோட்களில் மாதத்தை முதலில் தர வேண்டும். மார்ச் 5 என்பதை மே 3 ஆகத் தந்துவிட்டால் டெலஸ்கோப் ஏறத்தாழ 58 டிகிரி தள்ளிப் போய் நிற்கும். அடுத்து, நேர மண்டலம் +5.30 என இருக்கிறதா எனப் பாருங்கள். அரை மணி நேரம் விட்டுப் போனால் 7.5 டிகிரி பிழை.

தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் டெலஸ்கோப் ஆடும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகள் ஏற்றவை. மார்ச்சில் விடியலுக்கு முன் தெற்கே பாருங்கள். லண்டனில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டம், நமக்கு 32 டிகிரி உயரம் வரை எழுகிறது. முதல் படத்தை அதிலேயே எடுத்துப் பாருங்களேன்!