காந்திகிராமத்து அம்மா: தனித்து நின்ற ஒரு பெண் கட்டிய பெரிய குடும்பம்

அம்மாச்சியின் 16-ம் நாள் காரியம். சின்னாளபட்டி வீட்டில் அவருடைய போட்டோவுக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்த என் அம்மா, சந்தனத்தின் மேல் குங்குமமும் வைத்தார்.

"ஏம்மா, தாலி அறுத்தவ போட்டோவுக்கா பொட்டு வைக்கிற?" என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டார். வீடே அமைதியானது.

"காந்திகிராமத்து அம்மாவே ரெண்டாங் கல்யாணம் பண்ணுனவங்கதான் மாமா. எங்கம்மா பொட்டு வச்சா என்ன குறைஞ்சு போயிரும்?" என்றார் அம்மா. அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அம்மாச்சி 84 வயது வரை வாழ்ந்தவர். 29 வயதில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளை நூல் நூற்றுக் கரை சேர்த்தவர். யாராவது அவரை மூலையில் உட்காரச் சொன்னால், 'காந்திகிராமத்து அம்மா' கதையைத்தான் பதிலாகச் சொல்வாராம். பத்திரிகையில் வேலை பார்க்கிற எனக்கு, பக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் கதை முழுதாகத் தெரியாது. காரியம் முடிந்து ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

பணக்கார வீட்டுப் பெண்

அவர் பெயர் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம். பிறந்தது 1904-ல். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். மதுரையில் வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். அந்தக் கால வழக்கப்படி சிறுவயதிலேயே திருமணம் முடிந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவரை அந்த பிளேக்கே கொண்டுபோனது. சௌந்தரத்துக்கு அப்போது இருபது வயது சொச்சம்.

ஆசாரமான குடும்பத்தில் பிறந்த இளம் விதவை அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்திருப்பார் என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது, பூ கூடாது, நிறம் கூடாது. சௌந்தரம் படிக்கக் கிளம்பினார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டராகி வெளியே வந்தபோது அவருக்கு வயது 32.

ஒரு வருடம் பிரிந்திருங்கள்

டெல்லியில் உடன் படித்த சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் வட்டம் அறிமுகமானது. அங்கேதான் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். அவர் மலையாளி, சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் தொண்டர். இருவருக்கும் மனம் ஒத்துப்போனது. சாதி வேறு, மொழி வேறு, பெண்ணோ விதவை. சௌந்தரத்தின் பெற்றோர் சம்மதிக்கவில்லை.

விஷயம் காந்தியிடம் போனது. ஒரு வருடம் இருவரும் பிரிந்திருங்கள், அதன் பிறகும் மனம் மாறவில்லை என்றால் பார்க்கலாம் என்றார் அவர். இருவரும் மாறவில்லை. 1940-ல் சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது.

நினைத்துப் பாருங்கள். விதவை மறுமணத்துக்கு இன்றும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று யோசிக்கிற வீடுகள் உண்டு. அவர் அதைச் செய்து 80 வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெற்றவர்களின் வருத்தத்தையும் தாங்கிக்கொண்டே செய்தார்.

சிறுமலை அடிவாரத்தில்

1944-ல் கஸ்தூர்பா காலமான பிறகு, அவர் நினைவாகக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. பெரிய நகரத்தில் கிளினிக் வைத்துச் சம்பாதித்திருக்கலாம். அவர் வந்தது நம் திண்டுக்கல் பக்கம்.

1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் போன காந்தி, வழியில் அம்பாத்துரையில் கூடிநின்ற மக்களைச் சந்தித்தார். அதற்கு அருகிலேயே 1947 அக்டோபர் 7-ல் காந்திகிராமம் உருவானது. நாடு விடுதலை அடைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சின்னாளபட்டியில் சின்ன வைத்திய நிலையமாகத் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை.

வீட்டு மூலையில் கிழிந்த பாயில் பிரசவம் நடந்த காலம் அது. தாய் பிழைத்தால் பிள்ளை இல்லை, பிள்ளை பிழைத்தால் தாய் இல்லை என்ற கதை ஊருக்கு ஊர் இருக்கும். அந்தப் பயத்தைக் குறைத்ததுதான் இந்த ஆஸ்பத்திரி செய்த பெரிய காரியம். என் அம்மா பிறந்ததும் அங்கேதான். "பக்கத்துக் கட்டில்ல தோட்டக்காரர் வீட்டுப் பொண்ணு, எதுத்த கட்டில்ல கூலிக்காரர் வீட்டுப் பொண்ணு. எல்லாருக்கும் ஒரே கஞ்சிதான்" என்று அம்மாச்சி சொல்வாராம்.

பிரசவத்தோடு நின்றுவிடவில்லை. கிராமப் பெண்களுக்குச் சேவிகா பயிற்சி, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்கள், கதர் வேலை, 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் என்று குடும்பம் பெருகிக்கொண்டே போனது. அந்தக் கல்வி நிறுவனம்தான் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

வென்றார், தோற்றார், திரும்பினார்

1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் தொகுதிகளில் வென்று சட்டமன்றம் போனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அதே வருடம் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. 1967 தேர்தலில் தோற்றார். ஆனால் போக அவருக்கு ஒரு வீடு இருந்தது. அது காந்திகிராமம்.

1984-ல், 80 வயதில் காலமானார். 2005-ல் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியானது.

பொட்டு வைத்த போட்டோ

போன மாதம் அம்மாவோடு காந்திகிராமத்துக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில், பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி அணைத்தபடி ஒரு பாட்டி ஆட்டோவுக்காக நின்றிருந்தார். அம்மா அருகே போய், "என்ன பிள்ளைங்க பெரியம்மா?" என்று கேட்டார். "பொம்பளப் பிள்ளை" என்று வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார் அந்தப் பாட்டி.

சௌந்தரம் எழுதிக் கொடுத்த சொத்து எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் 29 வயதில் தனித்து நின்ற ஒரு பெண்ணுக்கு, 'இதோடு வாழ்க்கை முடியவில்லை' என்று காட்ட ஓர் ஆள் இருந்தார். அந்தத் தைரியத்தில்தான் அம்மாச்சி தலை நிமிர்ந்து வேலைக்குப் போனார், அம்மா படித்தார், நான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் பாட்டி இருப்பார். அவர் எங்கே பிறந்தார், எந்த ஊரில் பிள்ளை பெற்றார், கஷ்டத்தில் யாரை நினைத்துத் தைரியம் கொண்டார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். நான் அம்மாச்சியிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவர் போட்டோவில் அந்தக் குங்குமம் இன்னும் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா புதிதாக வைக்கிறார்.