119 நாள் கணக்கு

கருத்தடை ஊசிக்கு மூன்று எண்கள் தெரிந்தால் போதும்: 77, 91, 119. ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணினால் 91-வது நாள் அடுத்த ஊசிக்கு உரிய நாள். அதற்கு 14 நாள் முன்னதாக, 77-லேயே போட்டுக்கொள்ளலாம். 28 நாள் பிந்தி, 119 வரைக்கும் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் வந்துவிட்டால் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டாம், கூடுதல் பாதுகாப்பும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ‘அந்தரா’ ஊசித் திட்டமும் இதையே வைத்துக்கொண்டது. ஆனால் “மூணு மாசம் ஆனதும் வந்துரும்மா” என்று சொல்லி அனுப்பப்படும் பெண்ணின் காதில் தங்குவது நடு எண் ஒன்றுதான்.

இதனால் இரண்டு விதமாக நஷ்டம் வருகிறது. 95-வது நாளில் ஞாபகம் வந்தவர், “தேதி போயிருச்சே, இனி போட மாட்டாங்க” என்று அப்படியே விட்டுவிடுகிறார். உண்மையில் அவர் கையில் இன்னும் 24 நாள் இருக்கிறது. 130-வது நாளில் நிற்பவரோ, மாதவிலக்கு இன்னும் வரவில்லை, மருந்து உடம்பில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவருடைய கெடு முடிந்து 11 நாள் ஆகிறது. இந்த ஊசி எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் மாதவிலக்கே நின்றுவிடும். மற்றவர்களுக்கு முறை தவறி வரும். ஆகவே உதிரப்போக்கை வைத்து எதையும் கணிக்க முடியாது. கணக்கு காலண்டரில்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை ஊசி. அடுத்தது ஏப்ரல் 6, அதுவும் திங்கள்தான். 13 வாரக் கணக்கில் கிழமை மாறாது. மார்ச் 23-லிருந்து மே 4 வரை என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம். அமாவாசையும் முகூர்த்தமும் பார்க்கிற அதே தினசரி காலண்டரில் மூன்று தாளில் வட்டம் போட்டு வைத்தால் முடிந்தது.

மே 5-ம் தேதி வந்தவரை என்ன செய்வது? “மாதவிலக்கு வரட்டும், அப்புறம் வா” என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. மே 4-க்குப் பிறகு உறவே இல்லை, அல்லது ஒவ்வொரு முறையும் ஆணுறை இருந்தது, அல்லது உறவு நடந்த 5 நாளுக்குள் அவசர கருத்தடை மாத்திரை போட்டாயிற்று, அல்லது 6 மாதம் ஆகாத குழந்தைக்கு முழுக்கத் தாய்ப்பால்தான், மாதவிலக்கும் திரும்பவில்லை. இவற்றில் ஒன்று பொருந்தினால் அன்றைக்கே ஊசி போடலாம். அதிலிருந்து 7 நாள் ஆணுறை. ஒன்றும் பொருந்தவில்லை என்றால் ஆணுறையோடு காத்திருந்து, பரிசோதனை செய்து, பிறகு ஊசி. திருப்பி அனுப்பினால் 120 என்பது 150 ஆகும், அவ்வளவுதான் லாபம்.

மருந்தின் அளவு சிறிது. தசையில் போடும் ஊசி 1 மில்லி. அதில் 150 மி.கி. மருந்து. ஆண்டுக்கு 4 ஊசி, 600 மி.கி. தோலுக்கடியில் போடும் புதிய வகையில் 0.65 மில்லிக்குள் 104 மி.கி.; ஆண்டுக்கு 416. இரண்டுக்கும் நாள் கணக்கு ஒன்றே.

இனி ரூபாய். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் ஊர்ப் பக்கம் விளாம்பட்டியிலிருந்தோ சிலுக்குவார்பட்டியிலிருந்தோ நிலக்கோட்டைக்கு அந்த பஸ் கிடைத்தால் போக்குவரத்தும் 0. ஆக மொத்தம் பூஜ்ஜியம் என்று அதிகாரிகள் எழுதலாம். எழுதாமல் விடுவது நாளின் விலையை. 2025-26-ல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதையே அளவுகோலாக வைத்தால், ஊசிக்காக முழு நாள் போனால் ஆண்டுக்கு 4 × 336 = 1,344 ரூபாய். அரை நாள் என்றால் 672. இலவச ஊசியின் உண்மை விலை இதுதான்.

பூக்காட்டில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். மல்லிகை மொட்டை விரிவதற்கு முன் பறித்து, காலையிலேயே நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குச் சேர்த்தாக வேண்டும். கூலி எடைக்குத்தான், மொட்டு யாருக்காகவும் ஒரு நாள் பொறுக்காது. ஓ.பி. சீட்டு போடுவதும் காலையில்தான். பூ அள்ளிக் கொட்டும் மாதத்தில் 91-வது நாள் வந்து விழுந்தால், ஊசி தள்ளிப்போவதை அலட்சியம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே இக்கட்டு. 77-லிருந்து 119 வரை 42 நாள் உண்டு என்று தெரிந்திருந்தால், வேலையில்லாத ஒரு நாளைப் பார்த்துப் போகலாம். அந்த 1,344-ல் பெரும்பகுதி மிஞ்சும். கிராம சுகாதார செவிலியர் வரும் நாளோடு சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தாமதத்துக்கு வேறொரு பற்றுச்சீட்டும் உண்டு. அமெரிக்க ஆய்வுகளை வைத்துப் போட்ட, உலகமெங்கும் எடுத்தாளப்படும் கணக்கு: ஊசியை நாள் தவறாமல் போட்டால் ஓராண்டில் 1,000 பெண்களில் 2 பேர் கருத்தரிப்பார்கள். நடைமுறையில், மறதியும் தாமதமும் சேர்ந்தால், 40 பேர். மாத்திரையில் 3 பேர், நடைமுறையில் 70. காப்பர் டி-யில் 6-க்கும் 8-க்கும்தான் வித்தியாசம். பெண்களுக்கான அறுவையில் இரண்டும் 5. மருந்து மாறவில்லை. 2-ஐ 40 ஆக்குவதும் 3-ஐ 70 ஆக்குவதும் பெரும்பாலும் காலண்டர்தான்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அறுவையின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21), திருமணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் அளவில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். நான்காவது ஆய்வில் அது 49. மாத்திரையும் ஊசியும் கடைக்கோடியில் கிடக்கின்றன. நிலக்கோட்டைக்குப் பக்கத்து ஒன்றியமான ஆத்தூரில் காந்திகிராமம் 1959-லேயே முன்னோடி சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. 1964-ல் அங்கே ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனமே எழுந்தது. அப்படிப்பட்ட மண்ணில்கூட, “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்று கேட்கத் தெரிந்த அளவுக்கு “உன் தேதி எப்போ?” என்று கேட்கத் தெரியவில்லை. அறுவைக்குத் தேதி ஒரே ஒரு முறை. முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாலு வருடம் வேண்டும் என்கிற 23 வயதுப் பெண்ணுக்கு ஊசித் தேதி மட்டும் 16 முறை.

மாலா-என் மாத்திரையின் கணக்கு வேறு மாதிரி. பட்டையில் 28; ஹார்மோன் மாத்திரை 21, இரும்புச் சத்து மாத்திரை 7. ஆண்டுக்கு 13 பட்டை, 273 ஹார்மோன் மாத்திரை. ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03 மி.கி. அரசு நிலையங்களில் இலவசம். ஆஷா பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 2011-ம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு பட்டை 1 ரூபாய்.

ஒன்று மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட வேண்டும். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. தொடர்ந்து விட்டுப்போனால்தான் சங்கடம். சில வழிகாட்டிகள் 3 மாத்திரையிலிருந்து எச்சரிக்கின்றன, சில 2-லிருந்து. நான் 2-ஐயே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஆணுறைக்கு அதிகச் செலவில்லை. உடனே ஒன்று போட்டுவிட்டு, அடுத்து 7 நாள் ஆணுறை. மூன்றாவது வாரத்தில் மறந்திருந்தால் மீதி ஹார்மோன் மாத்திரைகளை முடித்து, இரும்பு மாத்திரை ஏழையும் விட்டுவிட்டு, நேராகப் புதிய பட்டை. இரும்பு மாத்திரையை மறந்தால் கருத்தடைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

பலரும் கவனிக்காத தாமதம் ஒன்று பட்டை மாறும் இடத்தில் இருக்கிறது. ஹார்மோன் இல்லாமல் இருக்கக்கூடியது அதிகபட்சம் 7 நாள். அந்த 7-ல் ஓய்ந்திருக்கும் கருமுட்டைப்பை மெல்ல விழிக்கத் தொடங்கும். எட்டாவது, ஒன்பதாவது நாளும் மாத்திரை இல்லையென்றால் முட்டை வளர வழி கிடைக்கும். ஆக, பட்டையின் நடுவில் ஒன்று மறப்பதைவிடப் புதிய பட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவது ஆபத்து. செவிலியரிடம் ஒரு பட்டை கேட்பதை விட்டு மூன்று வாங்கி வைப்பது இதற்காகத்தான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமாசெபைன் அல்லது ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு மாத்திரையை நாள் தவறாமல் போட்டாலும் பலன் குறையும். மூன்று மாத ஊசிக்கு அந்தக் குறை இல்லை.

இன்னொரு கருத்தடை மாத்திரையான ‘சாயா’ ஹார்மோன் வகை இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்க்ரோமன், 30 மி.கி. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. ஞாயிறு தொடங்கினால் புதனும் சேரும். பிறகு வாரம் ஒன்று. முதலாண்டு 26 + 39 = 65 மாத்திரை, அடுத்த ஆண்டிலிருந்து 52. பட்டைக்கு 8 வீதம் முதலாண்டுக்கு 9 பட்டை, பிறகு 7. ஓரிரு நாள் தள்ளிப்போனால் உடனே போட்டுவிட்டு அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை. 7 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து, வாரம் இரண்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு. ஒரு வாரத் தாமதத்துக்கு அபராதம் 13 கூடுதல் மாத்திரை.

தோலில் ஒட்டும் பட்டை நம் ஊர்ப் பக்கம் அரிது. வெளிநாட்டில் இருக்கும் உறவுப் பெண்கள் கேட்டால் சொல்ல ஒரு வரி: வாரம் ஒன்று வீதம் மூன்று வாரம், நாலாவது வாரம் ஒட்டுவதில்லை. மாற்றுவது 48 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் புதியதை ஒட்டி 7 நாள் ஆணுறை.

தாமதம் நடந்தாயிற்று, இடையில் உறவும் நடந்தாயிற்று என்றால் கணக்கு மணிக்கணக்காக மாறும். அவசர கருத்தடை மாத்திரை என்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே மாத்திரை. 1998-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் அதே மருந்து, 0.75 மி.கி. வீதம் இரண்டு வேளையாக, எதிர்பார்த்த கர்ப்பங்களில் 95 விழுக்காட்டைத் தடுத்தது. 25-லிருந்து 48 மணிக்குள் 85. 49-லிருந்து 72-க்குள் 58. மூன்றாவது நாள் வரை யோசித்தால் 37 புள்ளி போய்விடுகிறது.

இந்த மாத்திரைக்கு 2005 முதல் மருத்துவர் சீட்டு தேவையில்லை. மற்ற மாநிலங்களில் நூறு ரூபாயைச் சுற்றிய விலையில் பெரும்பாலும் மெடிக்கலிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா என்ற அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இங்கே அதை வைத்திருந்த மருந்துக் கடைகள் நூற்றுக்கு 3. தடை என்று எந்தச் சட்டமும் இல்லை. “பேன் பண்ணிட்டாங்க” என்ற பேச்சு மட்டும் உண்டு. கடைக்காரருக்குச் சோதனை வருமோ என்ற பயம், ஊருக்கு இதைக் கேட்டு வரும் பெண்ணைப் பற்றிய அபிப்பிராயம், இரண்டும் சேர்ந்து அலமாரியைக் காலி செய்திருக்கின்றன என்பது என் கணிப்பு. அரசின் குடும்ப நலப் பட்டியலிலோ அது இருக்கிறது. ஆஷா திட்டத்தில் விலை 2 ரூபாய். மெடிக்கல் வாசலில் கையை விரித்தால் அங்கேயே நேரத்தைத் தொலைக்காமல் அரசு மருத்துவமனைக்கோ செவிலியரிடமோ போக வேண்டும். 104-க்கு அழைத்தும் கேட்கலாம்.

அங்கும் கிடைக்காவிட்டால் மாலா-என் பட்டையே உதவும். ஹார்மோன் மாத்திரை 4, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 4, ஆக 8. இரும்பு மாத்திரையை இதில் சேர்க்கக் கூடாது. செவிலியரிடமோ மருத்துவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதே 1998 ஆய்வில் இந்த வகை முறை மொத்தத்தில் 57 விழுக்காடு கர்ப்பத்தைத்தான் தடுத்தது, லெவோநார்ஜெஸ்ட்ரல் முறை 85. குமட்டல் பாதிப் பேருக்கு, வாந்தி ஐந்தில் ஒருவருக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளை மாத்திரையைத் திரும்பப் போட வேண்டும். இரண்டாந்தரம்தான், ஆனால் கையில் இருப்பது.

முதல்தரம் காப்பர் டி. உறவு நடந்த 5 நாளுக்குள் பொருத்தினால் நூற்றுக்கு 99-க்கு மேல் காக்கும். செலவு அரசு மருத்துவமனையில் 0. 380ஏ வகை 10 ஆண்டு இருக்கும். ஊசித் தேதியோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்களுக்கு 10 ஆண்டுக்கு 40 ஊசியையும், முழு நாள் கூலிக் கணக்கில் 13,440 ரூபாயையும் அது மிச்சப்படுத்தும்.

எதையும் செய்யாமல் நாள் ஓடிவிட்டால், கடைசி உறவிலிருந்து 21 நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை. அதற்கு முன் ‘இல்லை’ என்று வந்தால் நம்பக் கூடாது. ‘ஆம்’ என்று வந்து, அது வேண்டாத கர்ப்பம் என்றால், 2021 சட்டத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். கருத்தடை தவறியது என்பதே காரணமாகும், திருமணமானவரா என்ற கேள்வி சட்டத்தில் இல்லை. மாத்திரையால் முடிப்பதற்குக் கெடு 9 வாரம், மருத்துவர் சீட்டோடு மட்டும். அந்த 9 வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. ஊசியால் மாதவிலக்கே நின்றிருந்தவருக்கு அந்த நாள் தெரியாது, அவருக்கு ஸ்கேன் எடுத்துத்தான் வாரத்தைச் சொல்வார்கள்.