கிட்னி கெடுவதைச் சொல்லும் சர்க்கரைத் துணுக்குகள்

குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்து பட்டு நெய்பவர்களுக்கு இடுப்புவலி ஓயாது. வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வாலாஜாபாத் போன்ற நெசவு ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் உள்ள பழக்கம். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகலாம். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடும். வலியோ வீக்கமோ தொடக்கத்தில் இருக்காது. 'உப்பு ஏறிடுச்சு' என்று ஊரில் சொல்லும் கிரியாட்டினின் கூடியதாக ரிப்போர்ட் வரும்போது, பலருக்குச் சிறுநீரகத்தின் பாதித் திறன் போய்விட்டிருக்கும்.

அதற்கும் முன்பே ஒரு தடயம் கிடைக்காதா என்று தேடிய விஞ்ஞானிகள் ஆன்டிபாடிகளில் வந்து நின்றார்கள். கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் இந்தப் புரதங்களின் மேல் சிறு சிறு சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும்; அவற்றில் வரும் மாற்றமே அந்தத் தடயம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் இந்தச் சங்கிலிகளுக்கும் சம்பந்தமில்லை.

'ஐஜிஏ நெஃப்ரோபதி' என்ற நோயில் இந்தச் சங்கிலிகளின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. பாரிஸில் ழான் பெர்ஜே, நிக்கோல் எங்லே என்ற இருவரும் 1968-இல் அதை முதலில் விவரித்தார்கள். ஐஜிஏ ஆன்டிபாடியின் சங்கிலியில் காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்துபோகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து இன்னொரு ஆன்டிபாடியை ஏவ, இரண்டும் பின்னிக்கொண்டு சிறுநீரக வடிகட்டியில் படிந்து அதைப் புண்ணாக்குகின்றன. தொண்டைவலி வந்த ஓரிரு நாளில் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் இந்த நோயாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இளம் வயதினரையும் இது விடுவதில்லை.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றின் கரையோடு மேற்கே போனால் வரும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 2015 முதல் இந்த நோயாளிகள் 200 பேருக்கு மேல் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டுத் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். நம்மவர்களிடம் இந்த நோய் வேகமாக முற்றுகிறது என்பது அந்த ஆய்வு தந்த கவலையான செய்தி. பிரிட்டன் இரட்டையர்களை வைத்து 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியின் 76 சர்க்கரை அமைப்புகளில் 14 சிறுநீரகத் திறன் குறைவோடு தொடர்புடையவை என்று கண்டது.

நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். ஆனால் இந்தச் சங்கிலிகளை அளப்பது இன்றைக்கு ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வழக்கமான பரிசோதனையாக வரவில்லை. ஐஜிஏ நெஃப்ரோபதியை உறுதிசெய்ய சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் வழி. 'ஆன்டிபாடி டெஸ்டிலேயே கிட்னி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்' என்று யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கியாக வேண்டும். பாதியில் விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது. படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். புகார் இருந்தால் அணுக வேண்டிய நெறிமுறைக் குழுவின் விவரம் அதில் இருக்கும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி.

இன்றே கைக்கெட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. சிறு கப்பில் பிடித்த சிறுநீரில் மஞ்சள் நுனியுள்ள பட்டையை முக்கி எடுத்தால், புரதம் ஒழுகுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் பச்சையாகும். இதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. நோய் முற்றி டயாலிசிஸ் தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களும், வலிமாத்திரையை வழக்கமாகப் போடுகிறவர்களும் வருடத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப் புரதத்தையும் கிரியாட்டினினையும் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, நீங்களே கேட்டு இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.