அதிர்ஷ்ட எண் கேட்கும் பாதாளம்

பாலிதீன் பையில் போட்டுக் கடையில் தொங்கவிடப்பட்ட விளையாட்டு அது. பைக்குள் புரோகிராம் பதிந்த ஒரு தட்டு, பிரதி எடுத்த சில பக்கங்கள், பையனின் தாயார் வரைந்து கொடுத்த அட்டைப் படம். அவ்வளவுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹ்யூஸ்டன் நகரின் புறத்தே இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1979ஆம் ஆண்டு கோடையில் இது விற்பனைக்கு வந்தது. விளையாட்டின் பெயர் 'அகலபெத்'. அதை எழுதியவர் அதே கடையில் விடுமுறை வேலை பார்த்துக் கொண்டிருந்த ரிச்சர்ட் காரியட். வயது 18.

அந்தக் கோடையை நம்மவர்களும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 'ஸ்கைலாப் விழப் போகிறது' என்று ஊர் ஊராகப் பீதி கிளம்பிய கோடை அது. 1973ல் அந்த ஸ்கைலாபில் 59 நாட்கள் தங்கியிருந்த விண்வெளி வீரர் ஓவன் காரியட்டின் மகன்தான் இந்த ரிச்சர்ட்!

கம்ப்யூட்டரில் வேடமேற்று ஆடும் விளையாட்டுகளின் மூதாதைகளில் ஒன்றாக அகலபெத் மதிக்கப்படுகிறது. ஆடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, பூமிக்கடியில் உள்ள குகைகளில் இறங்கி, பூதங்களுடன் போரிட வேண்டும். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. நாம் ஒரு அடி வைத்தால் எதிரியும் ஒரு அடி வைப்பான். நாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனும் காத்திருப்பான். இன்று கைபேசியில் விரலை ஓட்டி விளையாடும் பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் சிரித்துவிட்டுத் தள்ளிவிடக்கூடிய சரக்கல்ல இது.

காகிதத்தில் ஓடிய விளையாட்டு

ரிச்சர்ட் பள்ளியில் படித்தபோது அங்கிருந்தது திரையில்லாத டெலிடைப் இயந்திரம். தந்தி ஆபீசுகளில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த டெலிபிரிண்டரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கோ இருந்த பெரிய கம்ப்யூட்டருடன் அது இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் புதுப் படம் காகிதத்தில் அச்சாகி வரவேண்டும். நட்சத்திரக் குறி என்றால் சுவர், வெற்றிடம் என்றால் வழி, டாலர் குறி என்றால் புதையல். இப்படி 28 விளையாட்டுகள் எழுதித் தள்ளினார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் மாறும். 28வது விளையாட்டு ஒழுங்காக ஓடினால் ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கப் பாதிப் பணம் தருவதாகத் தகப்பனார் பந்தயம் கட்டினார். ஓடியது. அந்த 28வதுதான் ஆப்பிள் இயந்திரத்தில் திருத்தி எழுதப்பட்டு அகலபெத் ஆயிற்று. பெயர் டோல்கியன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கற்பனை உலகிலிருந்து, ஓர் எழுத்துக் குறைவாக, எடுத்துக்கொண்டது.

இதன் பெரிய பலம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. "உன் அதிர்ஷ்ட எண் என்ன?" என்றுதான் விளையாட்டு முதலில் கேட்கும். ஏதோ ஜோசிய வேடிக்கை என்று நினைத்து ஒரு எண்ணைத் தட்டுகிறோம். உண்மையில் மலை, ஊர், கோட்டை, குகை எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் கணக்கிட்டு வரையப்படுகின்றன. அன்றைய ஆப்பிள் கம்ப்யூட்டரின் நினைவகம் 48 கிலோபைட். நூற்றுக்கணக்கான குகைகளின் படத்தை அதில் சேமித்து வைக்க இடம் ஏது? அதனால் பையன் எதையும் சேமிக்கவில்லை. எந்த இடத்துக் குகை, எத்தனையாவது தளம், அதிர்ஷ்ட எண் என்ன என்ற மூன்றையும் கூட்டிக் கழித்து, நாம் இறங்கும் அந்த நிமிஷத்தில் சுவர்களை உண்டாக்குகிறது புரோகிராம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கட்டணத்தைத் தனித்தனியே எழுதி வைக்காமல், கிலோமீட்டரையும் விகிதத்தையும் கொண்டு கணக்கிட்டுச் சொல்வதைப் போல. அதே எண்ணைக் கொடுத்தால் அதே உலகம் மறுபடி வரும். நண்பனுக்குக் கொடுத்தால் அவனுக்கும் அதே உலகம். பல வருஷங்களுக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட உத்தி இது. இங்கே ஒரு பள்ளி மாணவன் பேசிக் மொழியில் சில வரிகளில் அதை முடித்திருக்கிறான்.

குகைக்குள் இறங்கினால் பார்வை மாறுகிறது. மேலே நடக்கையில் வரைபடத்தை மேலிருந்து பார்க்கிறோம்; கீழே, நம் கண்ணாலேயே பார்ப்பது போல் நடைபாதை நீண்டு செல்கிறது. கறுப்புத் திரையில் வெறும் வெள்ளைக் கோடுகள். ஆயினும் கோட்டு முனையில் ஓர் எலும்புக்கூடு நிற்பதைத் தொலைவில் கண்டு, அடுத்த அடியில் அது பெரிதாகும்போது, நெஞ்சு படபடக்கவே செய்யும். புதையல் பெட்டி போலவே உட்கார்ந்திருந்து, கிட்டே போனதும் அடிக்கும் ஒரு பூதமும் உண்டு.

சாப்பாட்டுக் கணக்கு

குறை என்று எடுத்தால் முதலில் சாப்பாடு. கடையில் ஒரு பொற்காசுக்குப் பத்து உணவு. வெளியில் ஓர் அடி நடந்தால் ஓர் உணவு போய்விடும். குகைக்குள் ஓர் அடிக்குப் பத்தில் ஒரு பங்குதான். ஆக ஒரு காசுக்கு மேலே பத்தடி, கீழே நூறடி. உணவு தீர்ந்த அடுத்த கணம் பசியால் மரணம்! எச்சரிக்கை இல்லை, களைப்பு இல்லை, கடன் வாங்க வழியில்லை. கிரெம்லின் என்ற குட்டிப் பிசாசு ஒன்று வந்து இருக்கும் உணவில் பாதியைத் திருடிக்கொண்டு போகும். மாதக் கடைசியில் அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது பூதத்தைவிடப் பயங்கரம்.

இதைக் குறை என்பதா, நிறை என்பதா? ஓரளவுக்கு நிறைதான். கையிலிருப்பதைக் கணக்குப் பார்த்து இறங்கி, திரும்பி வரவும் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்ற கவலைதான் விளையாட்டுக்கு உயிர் தருகிறது. கொன்ற பூதங்களுக்கான உயிர்ப் புள்ளிகள் குகையை விட்டு வெளியே வந்த பிறகே வரவாகும். பேராசைப்பட்டு ஆழத்திலேயே செத்தவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர வசதி செய்யாததை மன்னிக்க முடியாது. எத்தனை மணி நேரம் உழைத்திருந்தாலும் செத்தால் முதலிலிருந்துதான்.

இரண்டாவது குறை மந்திரத் தாயத்து. 15 பொற்காசு. அதைப் பயன்படுத்தினால் ஏணி வரும், எதிரி சாவான். சில சமயம் நீங்களே தவளையாகி வலிமையெல்லாம் 3க்கு இறங்கிவிடும். அல்லது பல்லி மனிதனாவீர்கள். குணங்கள் இரண்டரை மடங்காகும். வீரனுக்கு எது வரும் என்று தெரியாது. மந்திரவாதியோ வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். வில்லும் மெல்லிய வாளும் அவனுக்கு மறுக்கப்பட்டதற்கு ஈடாகக் கொடுத்த சலுகை. இதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரர்கள் தாயத்துகளை வாங்கி வைத்துக்கொண்டு, தவளை அபாயத்தைப் பொறுத்து, மறுபடி மறுபடி பல்லியானார்கள். இரண்டரை மேல் இரண்டரை பெருகினால் பிறகு எந்தப் பூதம் எதிரே நிற்கும்? கணக்கில் இவ்வளவு கெட்டியான பையன் இந்த ஓட்டையை அடைக்காதது ஆச்சரியம். நண்பர்கள் சிரிப்பதற்காக எழுதியது, நண்பர்கள் சிரித்தார்கள், அப்படியே விட்டுவிட்டார் போலும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஆட்டத்துக்கு ஒரு நோக்கம் இல்லாததே. 'லார்டு பிரிட்டிஷ்' என்ற அரசர் கோட்டையில் இருக்கிறார். (இங்கிலாந்தில் பிறந்த ரிச்சர்டுக்கு நண்பர்கள் வைத்த பட்டப் பெயர் அது.) இன்ன பூதத்தைக் கொன்று வா என்பார். கொன்று வந்தால் அதைவிடக் கொடிய ஒன்றைக் கொல் என்பார். ஏன், எதற்கு என்று கேட்க இடமில்லை. எல்லாம் முடிந்தால் வீரப் பட்டம் கொடுத்து, கலிபோர்னியாவிலுள்ள வெளியீட்டுக் கம்பெனிக்கு டெலிபோன் செய்து சொல்லச் சொல்வார். அந்தக் கம்பெனி மூடப்பட்டு எத்தனையோ வருஷமாகிறது.

கடையில் விற்றவை பன்னிரண்டுக்குச் சற்று முன்பின்தான். அதில் ஒரு பிரதி அந்தக் கம்பெனியின் கைக்குப் போய், 1980ல் நாடு முழுவதும் வெளியாயிற்று. பிரதிக்கு 5 டாலர் வீதம், 30,000 பிரதிகளுக்குத் தனக்கு ஒன்றரை லட்சம் டாலர் கிடைத்ததாக ரிச்சர்டே சொல்லியிருக்கிறார். அந்தப் புகழில்தான் 1981ல் 'அல்டிமா' வரிசை தொடங்கியது. மூன்றாவது அல்டிமாவுக்குப் பிறகு வாசகர் கடிதங்கள் அவருக்கு நேரடியாக வரத் தொடங்கின. ஊரில் உள்ள அப்பாவிகளையும் வெட்டிக் கொள்ளையடித்தே பலர் ஜெயிக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். 1985ல் வந்த நான்காம் பாகத்தில் கொல்லுவதற்குத் தலைமை வில்லனே கிடையாது. இரக்கம், நேர்மை, பணிவு முதலிய எட்டு நற்குணங்களில் தேறுவதே அதில் வெற்றி. தேறியவனுக்குப் பட்டம் 'அவதார்'. நம் நாட்டிலிருந்து போன சொல்.

அகலபெத் இப்போது இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டுள்ளது. ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் வாளுக்கு முன்னால் சாப்பாட்டை வாங்கிக் கொள்ளவும். அதிர்ஷ்ட எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்வதும் நல்லது. செத்தால் அதே மலைகளும் அதே குகைகளும் திரும்பக் கிடைக்கும். போன முறை எந்த மூலையில் எலும்புக்கூடு நின்றது என்பதும் நினைவிருக்கும்.