அடி விழலைன்னாலும் அது வன்முறைதான்!

"போனைக் குடு, யார்கிட்ட பேசினேன்னு பார்க்கணும்." "அம்மா வீட்டுக்குப் போனா அங்கேயே இருந்துடு." "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் புத்தி சரியில்லை."

இதெல்லாம் உங்கள் வீட்டில் தினமும் கேட்கிற பேச்சா? "கை நீட்டலையே, கோபத்துல பேசுறார், அவ்வளவுதான்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது, 'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005'. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது, உங்களுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது எல்லாமே இதன்படி வன்முறைதான். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் தவிக்கவிடுவது பொருளாதார வன்முறை. மனைவிக்கு மட்டுமல்ல, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

சாதாரண சண்டையா, வன்முறையா?

சண்டை இல்லாத வீடு ஏது? ஆனால் சாதாரண சண்டையில் நீங்களும் பதில் பேசலாம். ஒவ்வொரு வார்த்தையையும் பயந்து பயந்து பேச வேண்டியிருக்கிறதா? தோழிகள், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப்போகிறார்களா? அப்படியென்றால் அது சண்டை இல்லை, உங்களை அடக்கி வைக்கும் முயற்சி.

என்ன செய்யலாம்?

• 181 மகளிர் உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். ஆபத்து என்றால் உடனே 112.

• உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் சொல்லலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

• மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை, ஜீவனாம்சம் கேட்கலாம். சேர்ந்து வாழும் வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க உரிமை உண்டு. பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் கிடைக்கும்.

• பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

போனில் கவனம்

மிரட்டல் மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் அழிக்காதீர்கள். அவை சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய தடத்தை மட்டும் உங்கள் போனிலிருந்து நீக்குங்கள். உங்கள் போனை அவர் பார்ப்பார் என்றால், பக்கத்து வீட்டு போனிலிருந்து 181-ஐ அழையுங்கள்.

உடம்பில் காயம் இருந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்று காத்திருக்காதீர்கள்.