இராக்கெட் காணச் செல்வோர்

திருவிழாக் காணச் செல்வோர் தேரோடும் நாளை முன்னரே அறிந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, சுற்றம் சூழப் புறப்படுவர். அதுபோலவே, வானை நோக்கி எழும் இராக்கெட்டைக் காணவும் இக்காலத்தில் மக்கள் குடும்பத்தோடு செல்கின்றனர். தேரைக் காலைமுதல் மாலைவரை கண்டு மகிழலாம். இராக்கெட்டோ சில நிமிடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆதலின், அதனைக் காணச் செல்வோர்க்கு முன்னேற்பாடு இன்றியமையாதது.

இந்தியாவின் பெரிய இராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படுகின்றன. இஃது ஆந்திர மாநிலத்தில், பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்த தீவு. இங்கிருந்து முதல் இராக்கெட் 1971ஆம் ஆண்டில் எழுந்தது. 2002ஆம் ஆண்டு முதல் இந்நிலையம் சதீஷ் தவான் விண்வெளி மையம் என வழங்கப்பெறுகின்றது. இவ்விடம் இப்பணிக்குப் பொருத்தமானது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. கிழக்கு நோக்கிச் செல்லும் இராக்கெட்டுக்கு அச்சுழற்சியே விநாடிக்கு ஏறக்குறைய 450 மீட்டர் வேகத்தைத் தந்துவிடுகின்றது. மேலும், கிழக்கே கடலாதலின், எரிந்து கழலும் பகுதிகள் ஊர்களின்மேல் விழாமல் நீரில் விழுகின்றன. இதனால், ஏவும் நாளில் அப்பகுதிக் கடலுக்குச் செல்லலாகாது என மீனவர்க்கு முன்னரே அறிவிக்கப்படுகின்றது.

பொதுமக்கள் அமர்ந்து காண்பதற்கென 5,000 பேர் கொள்ளும் அரங்கம் ஒன்று 2019ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. அதில் இடம் பெற விரும்புவோர், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிடும் அறிவிப்பைக் கண்டு, இணையத்தின் வாயிலாகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதிவுச் சீட்டையும் அடையாள அட்டையையும் மறவாது எடுத்துச் செல்லல் வேண்டும். சென்னையிலிருந்து செல்வோர் கூடூர் வழியில் உள்ள சூலூர்ப்பேட்டையில் இரயிலைவிட்டு இறங்கி, ஏரியின் ஊடே செல்லும் சாலையால் தீவை அடையலாம். கடற்கரை வெயில் கடுமையானது. ஆதலின் குடிநீரும், தலைக்குத் தொப்பியும், குழந்தைகட்கும் முதியோர்க்கும் வேண்டிய உணவும் மருந்தும் உடன் இருத்தல் நலம்.

பொருள்களைத் திரட்டுவது போலவே அறிவையும் திரட்டிக்கொண்டு செல்லல் வேண்டும். ஊதிய பலூனைக் கட்டாமல் விட்டால், காற்று ஒருபுறம் வெளியேற, பலூன் மறுபுறம் பாய்வதைச் சிறுவர் அறிவர். எரிந்த வாயு கீழ்நோக்கிப் பீறிட, இராக்கெட் மேல்நோக்கி எழுவதும் அந்த விதியினாலேயே. பி.எஸ்.எல்.வி. என்னும் இராக்கெட் 44 மீட்டர் உயரமுடையது; அதன் எடை ஏறத்தாழ 320 டன். அத்துணைப் பெரிய பொருள் எழும்போது முதலில் ஒளியே தெரியும். முழக்கம் பின்னரே கேட்கும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். ஆகவே, தீப்பிழம்பைக் கண்டதுமுதல் முழக்கம் கேட்கும்வரை விநாடிகளை எண்ணி, அதனை மூன்றால் வகுத்தால், ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதைச் சிறுவரே கணக்கிட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றினும் மேலாக வேண்டுவது பொறுமை. 2019ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பின்னிரவு 2 மணி 51 நிமிடத்திற்குச் சந்திரயான்-2 ஏவப்படுவதாக இருந்தது. அதனைக் காண நெடுந்தொலைவிலிருந்து வந்தோர் உறக்கமின்றிக் காத்திருந்தனர். குறித்த நேரத்திற்கு 56 நிமிடங்களுக்கு முன்னர், இராக்கெட்டில் குறை ஒன்று காணப்படவே, எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. கூடியிருந்தோர் ஏமாற்றத்துடன் திரும்பினர். ஆயினும், தரையில் கண்ட குறையைத் திருத்தலாம். வானில் நேர்ந்த குறையை யாரே சென்று திருத்தவல்லார்? பல ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் அழியாதபடி காத்தது அந்நிறுத்தமே. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22ஆம் நாள், அதே இராக்கெட் செவ்வனே எழுந்து சென்றது.

ஆதலால், இராக்கெட் காணச் செல்லும் குடும்பத்தார் ஒருநாள் கூடுதலாகத் தங்குவதற்கும், காணாமலே திரும்புவதற்கும் மனத்தை ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும். தம் குழந்தைகட்கும் அதனை முன்னரே எடுத்துக் கூறுதல் நன்று. விண்ணை நோக்கி எழும் இராக்கெட் விஞ்ஞானத்தின் ஆற்றலைக் காட்டுகின்றது. உரிய வேளையில் நிறுத்தப்பெறும் இராக்கெட்டோ அந்த விஞ்ஞானத்தை ஆள்வோரின் அறிவைக் காட்டுகின்றது. இரண்டும் காணத்தக்க காட்சிகளே.