பெரிய எழுத்து எங்கே வரும்?

நம் தாய்மொழியாம் தமிழில் எழுத்துக்களுக்குள் பெரியது, சிறியது என்னும் வேறுபாடு கிடையாது. அரசன் பெயராயினும் ஆட்டிடையன் பெயராயினும், வாக்கியத்தின் முதற்சொல்லாயினும் இறுதிச் சொல்லாயினும், 'க' என்றும் 'க'தான். 247 எழுத்துக்களை மனத்தில் பதித்துக்கொண்ட குழந்தைக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கள் ஒரு பொருட்டா என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை 26 அல்ல. ஒவ்வொன்றுக்கும் பெரிய வடிவம் ஒன்று, சிறிய வடிவம் ஒன்று; ஆக 52. அச்செழுத்து வேறு, கூட்டெழுத்து வேறு என்று கணக்கிட்டால் 104. இவற்றுள் எந்த இடத்தில் எந்த வடிவம் வரவேண்டும் என்பதோ அதனினும் கடினமான பாடம்.

மாலையில் நம் இல்லங்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆங்கில நோட்டை நீட்டுகிறது. பக்கமெங்கும் சிவப்பு மை. "எத்தனை முறை சொன்னாலும் உனக்கு ஏறாதா?" என்று நாம் கடிந்துகொள்கிறோம். மறுநாள் அப்பிள்ளை பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் நான்கே வரி எழுதுகிறது. ஏன்? குறைவாக எழுதினால் பிழையும் குறையும் என்பதை அது கற்றுக்கொண்டுவிட்டது. பெரிய எழுத்தைக் கற்பிக்கப் போய், எழுதும் ஆசையையே நாம் கிள்ளி எறிந்துவிடக் கூடாதன்றோ? ஆதலின் இப்பிழையைத் திருத்தும் முறை குறித்துப் பெற்றோராகிய நாம் சிந்திப்பது நலம்.

முதலில் இவ்விரட்டை வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பண்டைய உரோமையர் கல்லில் பொறித்தவை யாவும் பெரிய எழுத்துக்களே. உரோமை நகரில் கி.பி. 113-இல் நிறுவப்பெற்ற திராயான் பேரரசனின் தூணில் அவ்வழகிய எழுத்துக்களை இன்றும் காணலாம். ஏட்டில் விரைந்து எழுதுவதற்கு வளைந்த சிறு வடிவங்கள் காலப்போக்கில் தோன்றின. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் பேரரசர் ஆட்சியில், துறவியர் மடங்களில் தெளிவான சிறிய எழுத்து முறை சீர்பெற்றுப் பரவிற்று. 796 முதல் 804 வரை தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்தின் தலைவராயிருந்த அல்குயின் என்னும் அறிஞரின் பெயர் இப்பணியோடு இணைத்துப் பேசப்படுகிறது. மறையேடுகளைப் படியெடுத்தோர் தலைப்புக்கும் தொடக்கத்துக்கும் பழைய பெரிய வடிவத்தையும், ஏனைய பகுதிக்குச் சிறிய வடிவத்தையும் கையாண்டனர். பின்னர் அச்சுக்கலை வந்தபோது, கோப்போர் பெரிய எழுத்துக்களை மேற்பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்தனர். அப்பெட்டிகளின் பெயராலேயே ஆங்கிலத்தில் இவ்விரு வகை எழுத்துக்களும் இன்றளவும் குறிக்கப்படுகின்றன.

மேலும், இவ்விதிகள் எல்லா மொழிக்கும் ஒன்றல்ல. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் அனைத்தும் பெரிய எழுத்தில் தொடங்கும். பிரெஞ்சு மொழியிலோ கிழமைகளும் மாதங்களும் சிறிய எழுத்திலேயே எழுதப்படும். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் பல பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கினர். 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் இவ்வழக்கம் காணக்கிடக்கிறது. எனவே இது மக்களிடையே ஏற்பட்ட ஒரு மரபு. சொல்லித் தராமல் தானே விளங்கிவிடுவதன்று. பிழைவிடும் குழந்தை அறிவிற் குறைந்தது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு!

அன்றியும், குழந்தையின் கண்முன் குழப்பம் நிறைந்து கிடக்கிறது. கடைப் பலகை முழுவதும் பெரிய எழுத்து. வங்கிப் படிவத்தில் பெயரைப் பெரிய எழுத்துக்களில் நிரப்பச் சொல்கிறார்கள். அண்ணன் கைபேசியில் அனுப்பும் செய்தியிலோ பெரிய எழுத்தே காணோம். ஆசிரியை கேட்பது இவை ஒன்றுமன்று. எதை நம்புவது?

இனி விதிகளுக்கு வருவோம். தொடக்க வகுப்புக்கு ஐந்து போதும். வாக்கியத்தின் முதல் எழுத்து பெரியது. 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' எங்கு வரினும் பெரியது. ஆட்பெயர் பெரியது. இடப்பெயர் பெரியது. கிழமையும் மாதமும் பெரியவை. 'ஐ' பெரிதாக இருப்பது தற்பெருமையால் அன்று; தனித்து நிற்கும் ஒற்றைச் சிறு கோடு கையெழுத்தேட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே அறிஞர் கூறும் காரணம். இதைக் கதைபோலச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இவ்வைந்தையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு விதி. அவ்வாரம் அவ்விதிக்குரிய பிழையை மட்டுமே சுட்டுவோம், ஏனையவற்றைப் பொறுத்துக்கொள்வோம். அடுத்த வாரம் பழைய விதியோடு புதியது ஒன்றைச் சேர்ப்போம்.

கை வடிவத்தையும் கவனிக்க வேண்டும். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழுக்கும் பெரியதும் சிறியதும் ஏறத்தாழ ஒரே உருவம், அளவே வேறு. விதி அறிந்த பிள்ளையும் இவற்றை அளவு தவறி எழுதிப் பிழை வாங்குவதுண்டு. இதற்கு மருந்து இலக்கணம் அன்று, நான்கு கோட்டு நோட்டே. இவ்வேழின் சிறிய வடிவம் நடு இரு கோடுகளுக்குள் அடங்கும்; பெரியது மேற்கோட்டைத் தொடும். நாளும் ஐந்து நிமிடம் பயின்றால் கை தானே பழகிவிடும்.

திருத்துவதிலும் ஒரு முறை உண்டு. பிழையை நாமே அடித்து எழுதிக் கொடுத்தால், கற்றுக்கொள்வது நம் பேனாவே ஒழியக் குழந்தை அன்று. பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். "இவ்வரியில் ஒன்று இருக்கிறது, கண்டுபிடி" என்போம். கண்டுபிடித்ததும் அச்சகத்தார் பிழை திருத்தும் குறியைக் கற்பிப்போம்: பெரிதாக்க வேண்டிய எழுத்தின்கீழ் மூன்று சிறு கோடுகள்; சிறிதாக்க வேண்டியதன் மேல் ஒரு சாய்கோடு. தானே அச்சகத்துப் பணியாளராகிவிட்டது போன்ற மகிழ்ச்சி பிள்ளைக்கு!

ஓர் எடுத்துக்காட்டு: 'மை பிரதர் பீட்டர் அண்ட் ஐ வென்ட் டு வேளாங்கண்ணி ஆன் சண்டே.' இதனை முழுவதும் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, ஐந்து பிழைகள் உள்ளன என்று எண்ணிக்கையையும் சொல்லிவிடுவோம். மை, பீட்டர், ஐ, வேளாங்கண்ணி, சண்டே என ஐந்தையும் குழந்தை தேடிப் பிடிக்கும். ஆறாவதாக 'பிரதர்' என்பதையும் பெரிதாக்கினால், சகோதரர் பலருக்கும் பொதுவான சொல் அது, 'பீட்டர்' ஒருவருக்கே உரிய பெயர் என்று விளக்குவோம். சரியான வடிவம் பழகிய பின்னரே இத்தகைய பிழைப் பத்திகளைத் தருவது நன்று.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. 'மார்ச்' பெரிய எழுத்தில் தொடங்கினால் மாதம். சிறியதாயின் அணிவகுத்து நடத்தல். 'சைனா' பெரியதாயின் நாடு, சிறியதாயின் பீங்கான். 'பில்' பெரியதாயின் ஓர் ஆளின் பெயர். சிறியதாயின் கடைக்காரர் தரும் சீட்டு. ஓர் எழுத்தின் அளவு பொருளையே மாற்றிவிடுவதைக் கண்டால், இவ்விதி வெறும் தொல்லை அன்று எனப் பிள்ளைக்கே விளங்கும்.

நம் செப நூல்களிலும் இப்பாடம் உண்டு. உலகளாவிய திருச்சபையைக் குறிக்கும்போது 'சர்ச்' பெரிய எழுத்தில் தொடங்குவதும், தெருமுனையிலுள்ள கோவிற் கட்டடத்தைக் குறிக்கையில் சிறிய எழுத்தில் தொடங்குவதும் வழக்கம். மெய்யான இறைவனைக் குறிக்கும் 'காட்' பெரியது. புறத்தெய்வங்களைக் குறிப்பின் சிறியது. இறைவனைச் சுட்டும் 'அவர்' என்னும் சொல்லைச் சில நூல்கள் பெரிதாகவும் வேறு சில சிறிதாகவும் அச்சிடும், இரண்டும் பிழையல்ல.

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எவ்வாறு உதவுவது?" என்று தாய்மார் பலர் தயங்கலாம். அவர்களாலும் இயலும். முற்றுப்புள்ளியைக் கண்ணால் காண முடியுமன்றோ? வாக்கியம் முடியும் புள்ளியை அடுத்து வரும் எழுத்து மேற்கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு சொல்லுக்கு நேரே விரல் வைத்து, "இது ஆள் பெயரா, ஊர் பெயரா?" என்று தமிழில் கேட்கலாம். "ஊர் பெயர்" என்று சொன்ன மாத்திரத்தில் பிள்ளை தன் பிழையைத் தானே காணும். விடை தெரிந்தவர் மட்டுமே ஆசிரியர் அல்லர். தக்க கேள்வியைக் கேட்பவரும் ஆசிரியரே. தன் படிப்பில் தாய்க்கும் பங்குண்டு என்றறியும் குழந்தை, பள்ளியும் வீடும் வெவ்வேறு உலகங்கள் என்று எண்ணாது.

இறுதியாக ஒன்று. நோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பிள்ளை எழுதியதை முழுவதும் படிக்கச் செய்து கேட்போம். என்ன சொல்ல வந்தது என்பதை அறிந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வோம். அதன் பின்னரே பென்சிலை எடுப்போம். நான்கு வரியாய்ச் சுருங்கிய கட்டுரை மீண்டும் பத்து வரியாக வளருமானால், பெரிய எழுத்துக்கள் நாளடைவில் தத்தம் இடத்துக்கு வந்து சேரும்.